கேளுங்கள், சொல்கிறேன்: பிரவுசரை மூடித் திறந்தீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரவுசர் பற்றியவை; இணையப் பக்கங்களைத் திறக்கிற குரோம், பயர்பொக்ஸ், எட்ஜ் போன்ற மென்பொருள்களைத்தான் சொல்கிறேன். அதனால் பிரிண்டர், வைஃபை, அழிந்துபோன போட்டோவை மீட்பது எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். எழுதியவர்களின் பெயரை வழக்கம்போலப் போடவில்லை; ஊரும் தொழிலும் மட்டும். கல்லடியில் என் மேசைக்கு லெப்டொப் கொண்டு வருகிறவர்களும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: நான் எதையும் டவுன்லோட் செய்வதில்லை. தெரியாத லிங்கைத் தொடுவதும் இல்லை. காலையில் செய்தித் தளங்கள், மரண அறிவித்தல், பேஸ்புக், பிறகு கனடாவில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேச்சு. இவ்வளவுதான். வெறுமனே பார்ப்பதால் கொம்பியூட்டருக்கு என்ன வந்துவிடும்? மருமகன் ஒவ்வொரு முறையும் ‘மாமி, அப்டேட் பண்ணுங்க’ என்று நச்சரிக்கிறார்.
ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆரையம்பதி

டீச்சர், மருமகன் சொல்வதைக் கேளுங்கள்.

ஒரு செய்தித் தளத்தை நீங்கள் திறக்கும்போது அந்தத் தளத்தின் நிரலும், அதில் விளம்பரம் போடுகிற முகம் தெரியாத பல கம்பனிகளின் நிரலும் உங்கள் லெப்டொப்பில் வந்து இறங்கி அங்கேயே ஓடுகின்றன. படம் வந்தால் பிரவுசர் அதைப் பிரித்து விரிக்கிறது. எழுத்துரு, வீடியோ, பாட்டு என்று எது வந்தாலும் பிரித்துப் பார்ப்பது அதன் வேலை. கோடிக்கணக்கான வரிகளில் எழுதிய மென்பொருள் அது. அவ்வளவு வரியில் பிழை இல்லாமல் இருக்காது. சில பிழைகளால் பக்கம் கோணலாகத் தெரியும், அதோடு சரி. சில பிழைகள் வழியாக வெளியாள் உள்ளே வரலாம்.

உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2023 செப்டெம்பர் 6ஆம் திகதி அப்பிள் கம்பனியின் பாதுகாப்புக் குழுவும், கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் இயங்கும் சிட்டிசன் லாப் ஆய்வகமும் கூகுளுக்கு ஓர் ஓட்டையைப் பற்றி அறிவித்தன. வெப்பி என்ற பட வகையைத் திறப்பதற்கான ஒரு சிறிய மென்பொருள் தொகுப்பில் அந்த ஓட்டை இருந்தது. வட்ஸ்அப்பில் காலை வணக்கம் சொல்லி வருகிற ஸ்டிக்கர்கள் அந்த வகைப் படங்கள்தான். படத்தைச் சுருக்கி வைப்பதற்காக அதற்குள்ளே ஓர் அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையை வேண்டுமென்றே தாறுமாறாக அமைத்த படம் ஒன்று வந்தால், பிரவுசர் தான் ஒதுக்கிய இடத்தையும் தாண்டி நினைவகத்தில் எழுதிவிடும். தாண்டிப் போய் எழுதப்படுவது என்ன என்பதைப் படத்தைச் செய்தவன் தீர்மானிக்கலாம். கிளிக் வேண்டாம், டவுன்லோட் வேண்டாம். படம் திரைக்கு வந்தாலே போதும். குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் எல்லாம் அதே தொகுப்பைத்தான் பயன்படுத்தின. கூகுள் 11ஆம் திகதி திருத்தம் வெளியிட்டது. பயர்பொக்ஸ் மறுநாள் வெளியிட்டது.

இது அபூர்வமான விபத்து இல்லை, டீச்சர். குரோமில் வந்த பாரதூரமான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 வீதம் இப்படி நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வந்தவை என்று 2020இல் கூகுளே கணக்குக் காட்டியது.

சரி, என்னைப் போல ஒருவரை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்று உங்கள் மனதில் இருக்கும். நியாயமான சந்தேகம். திருத்தம் வருவதற்கு முன்னர் இப்படியான ஓட்டை ஒருசிலருக்கு மட்டும் தெரிந்த, மிகவும் விலை உயர்ந்த ரகசியம். பெரும்பாலும் ஊடகவியலாளர், மனித உரிமைக்காகப் பேசுகிறவர், அரசியல்வாதி போன்றவர்களுக்கு எதிராகத்தான் அதைப் பாவிப்பார்கள். திருத்தம் வெளியான பிறகு நிலைமை மாறிவிடும். கிடுகு வேலியில் ஓர் இடத்தில் மட்டும் புதுக் கிடுகு கட்டியிருந்தால், அங்கேதான் பொட்டு இருந்தது என்று தெருவால் போகிற யாருக்கும் தெரியும். ஊர் முழுக்க ஒரே ஆள் கட்டிய வேலி என்றால் மற்ற வீடுகளில் எங்கே நுழையலாம் என்பதும் தெரிந்துவிடும். புதிய பதிப்பையும் பழைய பதிப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் யார் மேல் வேண்டுமானாலும் அதைப் பாவிக்கலாம். பேர் பார்க்க மாட்டார்கள். பழைய பதிப்பு ஓடுகிற இயந்திரமா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

ஆகவே அப்டேட் வந்த நாளுக்கும் நீங்கள் அதைச் செய்த நாளுக்கும் இடையில் கிடக்கிற நாட்கள்தான் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு மோசமான நாட்கள். அவற்றைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

கேள்வி: குரோம் தானாகவே அப்டேட் ஆகும் என்றுதானே சொல்கிறார்கள்? பிறகு எதற்கு நாங்கள் மினக்கெட வேண்டும்?
முகாமைத்துவ உதவியாளர், மட்டக்களப்பு

இறங்குவதுதான் தானாக நடக்கும். புதிய பதிப்பைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துக்கொண்டு, நீங்கள் மூடித் திறக்கும்வரை குரோம் காத்திருக்கும். அதுவரைக்கும் ஓடுவது ஓட்டையுள்ள பழைய பதிப்பு. அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நாலே காலுக்கு லெப்டொப்பின் மூடியை மடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறோம். மறுநாள் திறந்தால் நேற்றைய டப் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மூடியை மடித்தால் இயந்திரம் தூங்கும், நிற்காது. மாதக்கணக்காக ஒரே குரோமை மூடாமல் ஓட்டுகிற லெப்டொப்புகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

2019 மார்ச்சில் இது பெரிய விஷயமாக வந்தது. இணையப் பக்கங்கள் நம் கோப்புகளை வாசிப்பதற்கான பகுதியில் ஓர் ஓட்டை இருப்பதைக் கூகுளின் கிளெமென்ட் லெசீன் கண்டுபிடித்து அறிவித்திருந்தார். அதை யாரோ ஏற்கெனவே தாக்குதலுக்குப் பாவித்துக்கொண்டிருந்தார்கள். திருத்தம் மார்ச் 1ஆம் திகதியே வெளியாகிவிட்டது. அப்படியிருந்தும் குரோமின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ஜஸ்டின் ஷூ சில நாள் கழித்துப் பொதுவெளியில் வந்து, இந்த நிமிடமே அப்டேட் செய்யுங்கள் என்று எழுத வேண்டியிருந்தது. இறக்கி வைத்தால் போதாது, பயனர் தன் கையால் மூடித் திறந்தால்தான் திருத்தம் வேலை செய்யும் என்பதே காரணம்.

பார்க்கும் முறை சுலபம். குரோமின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்துங்கள். ‘உதவி’, அதற்குள் ‘கூகுள் குரோம் பற்றி’. அந்தப் பக்கம் திறந்த உடனேயே ஒரு வட்டம் சுழலத் தொடங்கும். புதிய பதிப்பு இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால் இறக்கிவிட்டு ‘மீண்டும் தொடங்கு’ என்ற பொத்தானைக் காட்டும். அதை அழுத்துங்கள். திறந்திருந்த டப் எல்லாம் திரும்பி வந்துவிடும். மறைநிலை (இன்கொக்னிட்டோ) ஜன்னல்கள் மட்டும் வராது. அரைகுறையாக நிரப்பி வைத்த படிவம் இருந்தால் அதை முதலில் அனுப்பிவிடுங்கள். பயர்பொக்ஸில் மூன்று கோடு, உதவி, ‘பயர்பொக்ஸ் பற்றி’. எட்ஜிலும் ஏறக்குறைய அதே வழி.

அந்த மூன்று புள்ளி நிறம் மாறுவதையும் கவனியுங்கள். பச்சை என்றால் அப்டேட் வந்து இரண்டு நாளுக்குள். செம்மஞ்சள் என்றால் நாலு நாள் அளவில். சிவப்பு என்றால் குறைந்தது ஒரு வாரமாக நீங்கள் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். புதிய பதிப்புகளில் நிறத்தோடு சொல்லாகவும் வரும். 2023 ஓகஸ்ட்டில் இருந்து குரோமுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வாரந்தோறும் வருகிறது. அதனால் வெள்ளிக்கிழமை வேலை முடிகிறபோது இயந்திரத்தை ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போகிற பழக்கம் வந்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியாது. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது ‘உங்கள் நிர்வாகி புதுப்பிப்பை முடக்கியுள்ளார்’ என்று வந்தால், அலுவலக இயந்திரமாக இருந்தால் பொறுப்பானவரைக் கேளுங்கள். வீட்டு இயந்திரத்தில் வந்தால், வின்டோஸ் போட்டுத் தந்தவர்தான் நிறுத்தியிருப்பார். நம் பக்கத்தில் இது சர்வசாதாரணம். ‘டேட்டா தின்னும், ஸ்லோ ஆகும்’ என்று வின்டோஸ் அப்டேட்டையும் குரோம் அப்டேட்டையும் சேர்த்து முடக்கிவிட்டுத்தான் பல தம்பிமார் இயந்திரத்தைக் கையில் கொடுக்கிறார்கள். ஆள் மறுபடி முறைப்பாட்டோடு வந்து நிற்கக் கூடாது என்பது அவர்களுடைய யோசனை. இதே தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது செய்யக் கூடாத வேலை. இயந்திரத்தின் சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அதன் பாதுகாப்பை நிறுத்துகிற உரிமை நமக்கு இல்லை. திருத்தக் கொடுத்த லெப்டொப்பைத் திரும்ப வாங்கும்போது கடையில் வைத்தே ‘குரோம் பற்றி’ பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வட்டம் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கேள்வி: எங்களுடைய கொமினிகேஷனில் இரண்டு கொம்பியூட்டர். இரண்டும் வின்டோஸ் 7. பரீட்சை விண்ணப்பம், பல்கலைக்கழக விண்ணப்பம், பெறுபேறு பார்ப்பது, போட்டோ கொப்பி, கல்யாணக் காட், மரண அறிவித்தல் எல்லாம் ஓடுகிறது. குரோம் இனி அப்டேட் வராது என்று மேலே ஒரு கோடு காட்டுகிறது. வேலை செய்யும்வரை ஓட்டலாம்தானே? புதிது வாங்க வசதி இல்லை.
கடை உரிமையாளர், களுவாஞ்சிக்குடி

தம்பி, உங்கள் வீட்டு இயந்திரமாக இருந்தால் ‘உங்கள் விருப்பம்’ என்று விட்டிருப்பேன். இது ஊருக்கான இயந்திரம். ஏ.எல். எழுதுகிற பிள்ளை வந்து அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, முகவரி, ஈமெயில் பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் உங்கள் கீபோர்டில் தட்டிவிட்டுப் போகிறது. அந்த இயந்திரத்தில் வேறொருவன் உட்கார்ந்திருந்தால் நஷ்டம் முதலில் அந்தப் பிள்ளைக்குத்தான்.

வின்டோஸ் 7க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. வின்டோஸ் 7இல் ஓடுகிற கடைசிக் குரோம் 109ஆம் பதிப்பு. அது 2023 ஜனவரியில் வந்தது. அதற்குப் பிறகு குரோமில் கண்டுபிடித்து அடைத்த ஓட்டைகளில் எவையெல்லாம் 109இலும் இருந்தனவோ, அவையெல்லாம் உங்கள் கடையில் இன்னும் திறந்தே கிடக்கின்றன.

இதில் இரண்டாவது சிக்கல் ஒன்றும் உண்டு. பிரவுசருக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால்கூட அவன் உடனே முழு இயந்திரத்தையும் பிடித்துவிட முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் பிரவுசர் ஓர் அடைப்புக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறது. அந்த அடைப்பைத் தாண்ட இன்னொரு ஓட்டை வேண்டும். பெரும்பாலும் அதை வின்டோஸில் தேடுவார்கள். மேலே சொன்ன 2019 தாக்குதலில் நடந்ததும் அதுதான். குரோம் ஓட்டையோடு சேர்த்து வின்டோஸ் 7இன் கருவில், அதாவது அதன் மையப் பகுதியில், இருந்த ஓர் ஓட்டையையும் பாவித்தார்கள். நடந்த தாக்குதல்கள் 32 பிட் வின்டோஸ் 7 இயந்திரங்கள் மேல்தான் என்று கூகுள் அப்போது சொன்னது. திருத்தம் நின்றுபோன வின்டோஸில் திருத்தம் நின்றுபோன குரோம் ஓடும்போது இரண்டு தடுப்பும் சேர்ந்து பலவீனமாகிவிடுகின்றன.

பயர்பொக்ஸ் 115இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வின்டோஸ் 7இல் ஓடும். பழைய வின்டோஸ்காரருக்காக அதன் முடிவுத் திகதியை, பயர்பொக்ஸைச் செய்கிற மொசில்லா பல தடவை தள்ளிப் போட்டது. நல்ல மனது, நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதை நம்பி ஒரு கடையை நடத்த முடியாது. கீழே இருக்கிற வின்டோஸ் பழையதுதான்.

காசு செலவழிக்காமல் செய்யக்கூடியது இது. இரண்டு இயந்திரத்துக்கும் வேலையைப் பிரித்துவிடுங்கள். கல்யாணக் காட், மரண அறிவித்தல் எல்லாம் பேஜ்மேக்கரிலும் போட்டோஷொப்பிலும்தான் செய்வீர்கள். அவற்றுக்கு வின்டோஸ் வேண்டும். அந்த இயந்திரத்தில் இருந்து இன்டர்நெட் வயரைக் கழற்றிவிடுங்கள். மற்றதில் வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள். இலவசம், பழைய இயந்திரத்திலும் ஓடும், அதில் பயர்பொக்ஸும் குரோமும் இன்றைய பதிப்பிலேயே இருக்கும். 64 பிட் புரொசெசர் வேண்டும், 4 ஜிபி ரெம் இருந்தால் நல்லது. போடுவதற்கு முன்னர் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கிற எதுவும் அழியாது. அப்படி ஓட்டும்போது உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். பாமினியில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளும், அந்த எழுத்துருவைப் போட்டால், லிப்ரே ஒஃபிஸ் என்ற இலவச ஒஃபிஸ் மென்பொருளில் திறக்கும்.

பிள்ளைகளை உட்கார வைக்கும்போது குரோமில் ‘விருந்தினர்’ ஜன்னலைத் திறந்து கொடுங்கள். மூடியதும் அவர்களுடைய லொகின் எதுவும் மிஞ்சாது. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்ற கேள்விக்கு அவசரத்தில் ‘ஆம்’ அழுத்திவிட்டு எழும்பிப் போகிற பிள்ளைகள்தான் அதிகம்.

கேள்வி: நான் போன் ஹொட்ஸ்பொட்டில்தான் லெப்டொப் பாவிக்கிறேன். அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். டேட்டாவுக்குக் காசு யார் தருவது?
பல்கலைக்கழக மாணவி, ஒலுவில்

தங்கச்சி, டேட்டாவை அதிகமாகத் தின்பது வின்டோஸின் பெரிய அப்டேட்தான். பிரவுசர் அப்டேட் அந்த அளவுக்கு இல்லை. குரோம் பெரும்பாலும் மாறிய பகுதியை மட்டும் இறக்கப் பார்க்கும். யூடியூபில் ஒரு பாடம் பார்க்கிற டேட்டாவுக்குள் அடங்கிவிடும்.

ஆகவே இரண்டையும் ஒன்றாகப் போட்டு நிறுத்த வேண்டாம். வின்டோஸ் செட்டிங்கில் உங்கள் ஹொட்ஸ்பொட்டை ‘மீட்டர்ட்’ (டேட்டா அளவு பார்த்துப் பாவிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்து வையுங்கள். வின்டோஸின் பெரிய இறக்கம் அதில் நடக்காது. கம்பஸ் வைஃபை கிடைக்கிற நாளில் வின்டோஸுக்கு ஒரு மணித்தியாலம் கொடுங்கள். வீட்டில் ரவுட்டர் இருந்தால் பெக்கேஜில் நள்ளிரவுக்குப் பிறகு தருகிற இரவு டேட்டா பெரும்பாலும் மிஞ்சித்தான் போகும், அதில் செய்யலாம். பிரவுசரை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தி வைக்காதீர்கள். வெளியாட்களின் நிரலை நாள் முழுக்க வாங்கி ஓட்டுகிற மென்பொருள் உங்கள் லெப்டொப்பில் அதுதான்.

கேள்வி: கிரிக்கெட் பார்க்க ஒரு தளத்தைத் திறந்தேன். ‘உங்கள் பிரவுசர் பழையதாகிவிட்டது, சரிசெய்ய இப்படிச் செய்யுங்கள்’ என்று வந்தது. வின்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் அழுத்தி, ஒட்டி, என்டர் அடிக்கச் சொன்னது. செய்தேன். கறுப்பு ஜன்னல் ஒன்று வந்து மறைந்தது. இப்போது கடையின் பேஸ்புக் பக்கம் எங்கள் கையில் இல்லை. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கவில்லை, ஓடிபியும் கொடுக்கவில்லை. எப்படி நடந்தது?
புடவைக் கடைக் கணக்காளர், காத்தான்குடி

சகோதரரே, அப்டேட் செய்ய வேண்டும் என்ற உங்கள் நல்ல எண்ணத்தைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இப்படிச் சிக்கியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கூச்சப்படாமல் எழுதி அனுப்பியதற்கு நன்றி. உங்கள் கடிதத்தைப் படித்து இன்னும் பல பேர் தப்புவார்கள்.

நடந்தது இதுதான். அந்தப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தியபோதே, உங்களுக்குத் தெரியாமல் நீளமான கட்டளை ஒன்றைப் பக்கம் கொப்பி செய்து வைத்துவிட்டது. வின்டோஸும் ஆரும் சேர்த்து அழுத்தினால் வருகிற பெட்டி மிகவும் சின்னது. ஒட்டியதும் அதில் கட்டளையின் கடைசித் துண்டு மட்டும்தான் தெரியும். அங்கே ‘நான் ரோபோ அல்ல’, ‘சரிபார்ப்பு இலக்கம்’ என்பது போல அப்பாவியான வரியை வைத்திருப்பார்கள். அதே கட்டளையை நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் உண்மை தெரியும்: தொடக்கத்தில் பவர்ஷெல் (வின்டோஸுக்குக் கட்டளை கொடுக்கிற கருவி), பிறகு எங்கோ இருக்கிற ஒரு முகவரி, அங்கிருந்து எதையோ இறக்கி ஓட்டச் சொல்கிற வரி. கறுப்பு ஜன்னல் அதுதான்.

இறங்கியது பெரும்பாலும் திருடும் மென்பொருள். பேஸ்புக்கில் ஒருமுறை உள்ளே போன பிறகு தினமும் பாஸ்வேர்ட் கேட்பதில்லை அல்லவா? நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்பதற்கான அடையாளத்தைக் குக்கியாகப் பிரவுசர் வைத்திருக்கிறது. அந்தக் குக்கியைத் திருடிக்கொண்டு போனால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். உங்கள் பெயரில் அவர்கள் உள்ளே இருப்பார்கள்.

இப்போது செய்ய வேண்டியவை. அந்தக் கொம்பியூட்டரை இன்டர்நெட்டில் இருந்து கழற்றுங்கள். சுத்தமான வேறொரு போனில் இருந்து முதலில் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறு’ என்பதைக் கொடுங்கள். பழைய குக்கி அதோடு செத்துவிடும். பிறகு பேஸ்புக், பிறகு மற்றவை. அதே இயந்திரத்தில் ஒன்லைன் பேங்கிங் செய்திருந்தால் இன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள், நாளைக்கு வேண்டாம். இயந்திரத்தை அழித்து வின்டோஸைப் புதிதாகப் போடுங்கள். வைரஸ் ஸ்கேன் செய்தேன், ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னாலும் கேட்க வேண்டாம். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு 101 இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்.

ஒன்றை மட்டும் கடையில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். எந்த இணையப் பக்கமும் உங்கள் பிரவுசரை அப்டேட் செய்யாது. பக்கத்தின் நடுவில் அப்டேட் என்று வந்தால் அது பொய். உண்மையான அப்டேட் பிரவுசரின் மூன்று புள்ளிக்குள் இருந்துதான் வரும். கீபோர்டில் இதையும் இதையும் சேர்த்து அழுத்து என்று ஒரு பக்கம் சொன்னால் அந்த டப்பை அங்கேயே மூடுங்கள்.

கேள்வி: கட்டாரில் இருந்து கணவர் ஐபோன் அனுப்பியிருக்கிறார். அதில் குரோமை ஒழுங்காக அப்டேட் செய்கிறேன். ஐபோனின் சொந்த அப்டேட்டும் வேண்டுமா? பிள்ளைகளிடம் பழைய அண்ட்ரொய்ட் போன் ஒன்று இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?
இல்லத்தரசி, அக்கரைப்பற்று

ஐபோனுக்குக் கட்டாயம் வேண்டும். அங்கே குரோம் என்ற பெயரில் நீங்கள் பார்ப்பது மேல் சட்டை. பக்கத்தைத் திறந்து ஓட்டுகிற பகுதி அப்பிளின் வெப்கிட். ஐரோப்பிய ஒன்றியம் போன்ற இடங்களில் சட்டம் போட்டு இதைத் தளர்த்தியிருக்கிறார்கள், நம் நாட்டில் இல்லை. வெப்கிட் திருத்தம் ஐபோனின் சொந்த அப்டேட்டோடுதான் வரும். செட்டிங், ஜெனரல், சொஃப்ட்வெயார் அப்டேட் என்று போய்ப் பாருங்கள்.

அண்ட்ரொய்டில் பிளே ஸ்டோரில் குரோமை அப்டேட் செய்தால் பெரும்பாலும் போதும். கூடவே ‘அண்ட்ரொய்ட் சிஸ்டம் வெப்வியூ’ என்று ஒன்று வரும், அதையும் விடாமல் செய்யுங்கள். மற்ற அப்ளிகேஷன்களுக்குள்ளே இணையப் பக்கம் திறப்பது அதன் மூலம்தான். பழைய போனில் அண்ட்ரொய்ட் 8 அல்லது 9 இருந்தால் அதற்கான கடைசிக் குரோம் 138. 2025 ஓகஸ்ட்டில் வந்த 139 முதல் அண்ட்ரொய்ட் 10 வேண்டும். அந்தப் போனில் பிள்ளைகள் டவுன்லோட் செய்து வைத்த பாடமும் பாட்டும் பார்க்கட்டும். உங்கள் வங்கி, ஈமெயில் எதையும் அதில் திறக்காதீர்கள்.

கேள்வி: எந்தப் பிரவுசர் நல்லது?
கடற்றொழிலாளர் சங்க உறுப்பினர், வாழைச்சேனை

அப்டேட் ஆகிற பிரவுசர். குரோம், பயர்பொக்ஸ், எட்ஜ் மூன்றின் பின்னாலும் நல்ல பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். 2024 ஒக்டோபரில் பயர்பொக்ஸில் ஒரு ஓட்டையை ஈசெட் கம்பனியின் ஆய்வாளர் அறிவித்தார். 25 மணித்தியாலத்தில் மொசில்லா திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. பேர் தெரியாத ‘வேகமான’ பிரவுசர்களை விளம்பரம் பார்த்துப் போடாதீர்கள்.

கேள்வி: அப்டேட் தானாக வருகிறது என்றால், கெட்டதும் அதே வழியால் வரலாம்தானே? அப்டேட்டை எப்படி நம்புவது?
கிழக்குப் பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், தம்பி. பிரவுசரைப் பொறுத்தவரை, வருகிற அப்டேட் உண்மையில் அந்தக் கம்பனியிடம் இருந்து வந்ததா என்று டிஜிட்டல் கையொப்பத்தை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் ஏறும். அதைப் போலியாகச் செய்வது மிகக் கடினம். பலவீனம் இருப்பது எக்ஸ்டென்ஷன்களில், அதாவது பிரவுசருக்குள் நாம் கூடுதலாகப் போட்டுக்கொள்கிற சின்ன மென்பொருள்களில்.

2024 டிசெம்பரில், நத்தார் விடுமுறை நேரத்தில், சைபர்ஹேவன் என்ற கம்பனியின் குரோம் எக்ஸ்டென்ஷனுக்கு அதுதான் நடந்தது. தரவைப் பாதுகாப்பதையே தொழிலாகச் செய்கிற கம்பனி. எக்ஸ்டென்ஷன்களை வெளியிடுகிற குரோம் ஸ்டோரில் இருந்து வந்தது போன்ற பொய் ஈமெயில் ஒன்றுக்கு அங்கே வேலை செய்கிற ஒருவர் ஏமாந்து, எக்ஸ்டென்ஷனை மாற்றி ஏற்றுகிற அனுமதியைக் கொடுத்துவிட்டார். தாக்கியவர்கள் அந்த அனுமதியை வைத்து, குக்கி திருடுகிற பதிப்பு ஒன்றை ஸ்டோரில் ஏற்றிவிட்டார்கள். எக்ஸ்டென்ஷனை வைத்திருந்தவர்களுக்கு அது அப்டேட்டாக, தானாகவே போய்ச் சேர்ந்தது. கம்பனி கண்டுபிடித்து விரைவாகவே அகற்றியது. குறியாக இருந்தவை பெரும்பாலும் பேஸ்புக் விளம்பரக் கணக்குகள்.

இதைக் காட்டி அப்டேட்டை நிறுத்தினால் நட்டம்தான் அதிகம். செய்ய வேண்டியது எக்ஸ்டென்ஷனைக் குறைப்பது. உங்கள் குரோமில் மூன்று புள்ளி, எக்ஸ்டென்ஷன்கள், ‘நிர்வகி’ என்று போய் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவை வாசிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்டவை எவை என்று விவரத்தில் எழுதியிருக்கும். பிடிஎஃப் திறப்பதற்கென்று போட்டவற்றை முதலில் எடுங்கள், அதைப் பிரவுசரே திறக்கும். வீடியோ இறக்குவது, கூப்பன் காட்டுவது, திரையின் நிறம் மாற்றுவது எல்லாம் அடுத்து. விளம்பரத் தடுப்பான் ஒன்று, பாஸ்வேர்ட் காப்பகம் ஒன்று மிஞ்சினால் ஒரு மாணவருக்கு அது தாராளம்.